தோற்பாவையும் மழைக்காலத் தொழிலும்

கூத்து என்ற சொல்லைக் கேட்டவுடன் ஆட்டமும் பாட்டும் அரங்கும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயினும் கூத்தர் ஆண்டு முழுதும் ஆடுவாரல்லர். பழங்கதைகளையும் பண்டை மன்னர் வரலாறுகளையும் நடித்துக் காட்டுவோர் எந்நாட்டவராயினும், அவர்க்கு ஆடுங் காலம் ஒன்றும் ஆடாக் காலம் ஒன்றுமாக இரண்டு உண்டு. ஆடாக் காலத்தில் அவர் கை செய்யும் தொழிலே ஆடுங் காலத்தைத் தாங்கி நிற்பது. வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தர் மாசி பங்குனியில் ஆடத் தொடங்குமுன் முடியும் தோட்கட்டையும் மார்புக்கட்டையும் பழுது பார்த்து வைத்தல் வேண்டும். பளுவற்ற மரத்தைக் குடைந்து, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் பதித்துச் செய்த அணிகள் அவை. அவற்றாலன்றோ அக்கூத்துக்குக் கட்டைக்கூத்து என்ற பெயரும் வழங்குகிறது! கொச்சிக் கடற்கரையில் கத்தோலிக்கக் கிறிஸ்தவர் ஆடும் சவிட்டு நாடகமும் இவ்வகையினதே. அதில் பிராஞ்சு தேசத்துப் பேரரசனாகிய கார்ல்மானின் சரித்திரத்தை, மின்னும் முடியும் கவசமும் வாளும் தாங்கி, பலகை அதிர மிதித்து ஆடுவர். அந்நாடகத்தின் பழைய ஏடுகள் பெரிதும் தமிழ் மொழியிலேயே அமைந்தவை என்பதும், அவற்றுள் புகழ்பெற்றதைச் சின்னத்தம்பி அண்ணாவி இயற்றினார் என்பதும் தமிழ் பயில்வோர் அறிந்து மகிழ்தற்குரியன.

இவற்றை விடுத்து நம் நாஞ்சில் நாட்டிற்கு வருவோம். ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்டது தோற்பாவைக் கூத்து. பிற கூத்துகளில் கைத்தொழில் ஆட்டத்திற்குத் துணையாக நிற்கிறது; இக்கூத்திலோ கைத்தொழிலே நடிகனைப் படைக்கிறது. இராமனும் இராவணனும் ஆட்டுத்தோலிலிருந்து பிறத்தல் வேண்டும்.

பாவைக் கூத்து தமிழர்க்குப் புதியதன்று. நாணம் அகத்தில்லாதவரின் இயக்கத்தை விளக்க வள்ளுவர் கயிற்றால் ஆடும் மரப்பாவையை உவமை கூறினார். மணிவாசகப் பெருமானோ திருவாசகத்து ஆனந்தமாலையில் தோலாற் செய்த பாவையின் கூத்தையே தம் நிலைக்கு ஒப்பாக்கி வருந்துகிறார். 1900-ஆம் ஆண்டில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையர் தென்பாண்டிச் சீமையில் ஊழியம் புரிந்தவராதலின், அவ்வுவமையை மொழிபெயர்க்குங்கால் சாயர்புரத்துப் பக்கம் கண்ட கூத்து ஏதேனும் அவர் நினைவில் எழுந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது. அஃது எவ்வாறாயினும், இன்று நாகர்கோவிலைச் சுற்றிய ஊர்களிலும் நெல்லை, மதுரைப் பகுதிகளிலும் இக்கூத்தை நடத்துவோர் மண்டிகர் என்னும் வகுப்பினர். இவர் தாய்மொழி மராட்டி. வீட்டில் மராட்டி பேசுவர். திரைக்குப்பின் அமர்ந்தவுடன் தமிழ் பொழிவர். 1676 முதல் 1855 வரை மராட்டிய மன்னர் தஞ்சையை ஆண்ட காலத்தில் இவர் முன்னோர் தமிழகம் போந்து, பின்னர்த் தெற்கே பரவினர் என்பது ஆராய்ந்தோர் கொள்கை. முனைவர் மு. இராமசாமி, நம் மாவட்டத்து அ. கா. பெருமாள் ஆகியோர் இக்கூத்தைப் பற்றி எழுதியுள்ள நூல்களை மாணாக்கர் தேடிக் கற்பாராக.

இனி, மழைக்காலத்திற்கும் இத்தொழிலுக்கும் உள்ள உறவைக் காண்போம். நம் மாவட்டத்திற்குப் பருவமழை இரண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. கும்பப்பூ அறுவடையாகி, வயல் காய்ந்து, கோயிற்கொடைகள் தொடங்கும் பங்குனி சித்திரையே கூத்தர்க்கு உகந்த காலம். கூடாரம் அடிக்க ஈரமற்ற நிலம் வேண்டும். மக்கள் தரையில் அமர வேண்டும். அவர் கையில் சிறிது காசும் இருத்தல் வேண்டும். மழை இம்மூன்றையும் கெடுக்கும். அன்றியும் நான்காவதாக ஒரு பகையுண்டு: மழையீரம் பாவையையே தாக்கும்.

இதன் காரணத்தை அறிய வேண்டின் தோலின் இயல்பை அறிதல் வேண்டும். செருப்புக்கும் பைக்கும் ஆகும் தோல் ஆவாரம்பட்டை முதலிய துவர்ப்பொருள்களில் ஊறிப் பதமாவது. அவ்வாறு பதமிட்ட தோல் ஒளியை உட்புக விடாது. பாவைக்கோ விளக்கொளி ஊடுருவுதல் வேண்டும். ஆகவே பாவைத்தோல் பதனிடாத பச்சைத்தோலாகவே இருக்கிறது. ஆட்டுத்தோலை நீரில் ஊறவைத்து, மயிரை ஒருபுறமும் ஊன்சவ்வை மறுபுறமும் சுரண்டி நீக்கி, முளையடித்து நாற்புறமும் இழுத்துக் கட்டி வெயிலில் உலர்த்துவர். உலர்ந்த தோல் தடித்த எண்ணெய்த்தாள் போல விறைத்து, ஒளிபுகும் தன்மையதாய் நிற்கும். பதனிடாமையால் அடைந்த இந்நன்மைக்கு அது செலுத்தும் விலை யாதெனின், ஈரக்காற்றை உறிஞ்சி நெளிவதே. நெளிந்த பாவை திரையோடு படியாது. திரையை ஒட்டிய உருவமே கூரிய விளிம்போடு தோன்றும். விலகிய பகுதி பெருத்து மங்கும். கார்த்திகை மாதத்து இரவில் இராமன் முகம் தெளிவாகவும் அவன் வில் புகைபோலவும் தோன்றுமாயின் கூத்து என்னாவது?

ஆதலால் மழைக்காலம் பாவைகளைக் காக்கும் காலமும் புதியன செய்யும் காலமும் ஆகின்றது. ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. தோல் உலர வெயில் வேண்டும். மழையில் உலர்த்தினால் அழுகி நாறும். ஆகவே வானம் வெளுத்த நாள்களிலேயே தோலை உலர்த்திச் சேமித்து வைத்தல் வேண்டும். வரைதலும் துளைத்தலும் வண்ணந்தீட்டலுமே வீட்டினுள் அமர்ந்து செய்தற்குரியன. வருவாயற்ற அத்திங்கள்களில் தோலுக்கு முன்பணம் கொடுப்பது எளிதன்று. கூலி வேலைக்கும் சிறு வணிகத்திற்கும் செல்லும் கூத்தன் அன்றாட உணவுக்கும் ஓர் ஆட்டுத்தோலுக்கும் இடையே தேர்ந்துகொள்ள வேண்டியவனாகிறான். இத்தொழில் மெலிந்ததற்குப் பலர் சினிமாவைக் காரணம் காட்டுவர். அது மெய்யே, ஆனால் மழைக்காலத்து வெறுங்கையும் அதற்குக் குறைந்த காரணமன்று என்பது எம் கருத்து.

தோல் ஆயத்தமானபின் உருவம் வரைதல். புதிதாகக் கற்பனை செய்து வரைவது அருமை. பழைய பாவையைப் புதுத்தோலின்மேல் வைத்து, கூரிய ஊசியால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடிழுப்பதே பெருவழக்கு. இங்குக் கைவல்லானும் கற்றுக்குட்டியும் வேறுபடுவர். ஊசி பாவையின் வெளிப்புறமாகச் சுற்றுதலின் கோடு மூலத்தைவிட மயிரிழை பெருத்தே அமையும். கோட்டின் உட்புறமாக வெட்டத் தெரியாதவன் படிக்குப் படி இராமனைப் பருக்கச் செய்வான். மூன்று தலைமுறை இவ்வாறு நடந்தால் மூக்கின் கூர்மை போய்விடும். மெலிந்த சீதை தடித்த செட்டிச்சியாதலும் கூடும்!

மேலும், பாவை ஆடை மாற்ற இயலாது. மனிதநடிகன் மரவுரி வேண்டுமிடத்துப் பட்டைக் களைந்து மரவுரி உடுப்பான். பாவையிலோ மணக்கோலத்து இராமன் வேறு, வனம் புகும் இராமன் வேறு, போர்க்கோலத்தான் வேறு. பாலக்காட்டுப் பக்கத்துத் தோற்பாவைக் கூத்தில் 71 பாத்திரங்களுக்கு ஏறத்தாழ 160 பாவைகள் வேண்டும் என்று கணக்குக் கூறுவர். நம் நாட்டுக் குழுக்கள் இராமாயணத்தைப் பத்து நாளாகப் பகுத்து ஆடுவன. இதனோடு நல்லதங்காள் கதை, அரிச்சந்திரன் கதை, நகைச்சுவைக்கென்றே பிறந்த உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் ஆகிய இருவர் என விரித்தால், பெட்டி நிறையப் பாவை வேண்டும் என்பது விளங்கும். இராவணன் ஒருவனே போதும், ஒரு கூத்தனின் ஒரு மழைக்காலத்தை விழுங்க! பத்துத் தலையையும் ஒரே தட்டையான தோலில் அடுக்க வேண்டுமன்றோ.

வரைந்தபின் மரக்கட்டையின்மேல் வைத்துப் பல்வகை வாயுடைய சிற்றுளிகளால் துளையிடுவர். வட்டத்துளை, பிறைத்துளை, நெல்மணி போன்ற நீள்துளை எனப் பலவுண்டு. இத்துளைகளே அணிகலன். விளக்கின் முன் வைத்தவுடன் ஒவ்வொரு துளையும் ஒளிப்புள்ளியாகி, முடியும் ஆரமும் மேகலையும் மின்னும். பொன்னும் மணியும் இன்றி, தோலை நீக்கிய வெற்றிடத்தால் நகை செய்வது இத்தொழிலின் அழகு. துளை நெருங்கினால் தோல் கிழியும்; அகன்றால் நகை தோன்றாது.

அடுத்தது வண்ணம். பச்சைத்தோல் நீர்ச்சாயத்தை உறிஞ்சுதலின் அது கண்ணாடிபோல் ஒளியை விடுகிறது. எண்ணெய் வண்ணம் பூசினால் மறைத்துவிடும். முற்காலத்தில் இலை, பட்டை, காய்களினின்று சாயம் எடுத்தனர். பின்னர்க் கடைச்சாயம் வந்தது. விளக்கும் மாறிற்று. எண்ணெய்விளக்கு போய்ப் பெட்ரோமாக்சு வந்தது, அதன்பின் மின்விளக்கு. எண்ணெய்ச்சுடரின் மஞ்சளொளிக்கு ஏற்ப இளஞ்சாயம் ஊட்டிய பழம்பாவையை மின்விளக்கின்முன் வைத்தால் வெளிறித் தோன்றும். ஆதலால் புதுப்பாவைக்குச் சாயத்தை அழுத்தமாக ஏற்ற வேண்டியதாயிற்று. சுடர் அசையும்போது பாவையும் மூச்சு விடுவதுபோல் தோன்றும் அந்த இன்பத்தை மின்விளக்கு தாராது. எனினும் நெருப்புக்கு அஞ்சாமல் ஆடலாம் என்ற நன்மையை நாம் மறுத்தற்கில்லை.

கடைசியாகத் தோளிலும் முழங்கையிலும் துளையிட்டு நூலால் முடிந்து உறுப்புகளைக் கோப்பர். மூங்கிற்சிம்பைப் பிளந்து, அப்பிளவில் பாவையை நெடுக்காகச் செருகிக் கட்டுவர். இச்சிம்பே பாவையின் முதுகெலும்பு. நெளிவை ஓரளவு தடுப்பதும் இதுவே. சாவகத்தீவின் வாயாங்கு நிழற்கூத்தில் எருமைத்தோற் பாவைக்கு எருமைக்கொம்பை வளைத்து முதுகெலும்பாக்குகின்றனர். 2003-இல் யுனெஸ்கோ சபை அக்கலையை மானிடச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. துருக்கியர் தம் கராகோசுப் பாவைக்கு ஒட்டகத்தோலை ஆள்வர். பாலக்காட்டார் பண்டு மான்தோலைப் பயன்படுத்தினர். 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அது கூடாதாயிற்று. ஆட்டுத்தோலை நம்பிய நம்மவர்க்கு அத்துன்பம் இல்லை.

பாலக்காட்டாரோடு நம்மவரை ஒப்பிடுமிடத்து வேறோர் உண்மையும் புலனாகும். அவர்க்குப் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்னும் நிலையான அரங்கு உண்டு. 21 விளக்குகள் வரிசையாக எரியும். கோயில் வழிபாட்டோடு கூத்து இணைந்திருத்தலின் கேட்போர் இல்லையாயினும் ஆட்டம் நில்லாது. நம் கூத்தரோ கூடாரம் கட்டி, சீட்டு விற்று, ஊர்விட்டு ஊர் செல்பவர். அவர்க்குப் புரவலர் முன்னமர்ந்த மக்களே. மக்கள் எழுந்து போனால் புரவலரும் போயினர்.

நம் வடசேரித் தொழிலாளரையும் இங்கு நினைவுகூர்தல் தகும். வெள்ளியில் பொற்றகடு பொதிந்து செங்கல் பதித்து அவர் செய்யும் கோயில் நகை, புவிசார் குறியீடு பெற்றது. பரதநாட்டியம் ஆடும் நங்கையர் அயல்நாட்டிலும் அதனை அணிகின்றனர். ஆடுவோர் பெருகப்பெருக அந்நகைக்கு வாங்குவோர் பெருகினர். பாவைக்கு அத்தகைய சந்தை இல்லை. அதனைச் செய்பவனே அதனை ஆட்டுபவன். ஆந்திர நாட்டு நிம்மலகுண்டா என்னும் ஊரில் பாவைத்தொழிலாளர் அதே தோலில் விளக்குமூடியும் சுவர்ப்படமும் செய்து விற்று வாழ்கின்றனர். அவ்வூர்த் தளவாய் சலபதி ராவ் 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விளக்குமூடி செய்வது கலையைத் தாழ்த்துவதாகும் என்று சிலர் முகஞ்சுளிப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. உளி பிடித்த கை உளியை மறவாதிருக்க எது உதவினும் நன்றே. விளக்குமூடியில் பிறைத்துளை இடக் கற்ற சிறுவன் நாளை முடியிலும் இடுவான்.

நாம் அஞ்சுவது வேறொன்று. வறுமையுற்ற குடும்பம் பழம்பாவைகளைப் பழம்பொருள் வணிகர்க்கு விற்றுவிடுதல் எளிது. படியெடுக்குமுன் விற்ற பாவையோடு அதன் வார்ப்பே போய்விடுகிறது. கதையை ஒலிப்பதிவு செய்து காக்கலாம்; பாட்டை எழுதிக் காக்கலாம். பத்துத் தலையை எந்த வரிசையில் அடுக்கினர், எத்துளைக்குப்பின் எத்துளை இட்டனர் என்பதைப் பாவையே கூறவல்லது. ஆதலால் நம் தமிழ்த்துறை மாணாக்கர் செய்தற்குரிய சிறு பணி ஒன்றுண்டு. மழைக்கால விடுமுறையில் தாளும் கரிக்கோலும் கொண்டு, கூத்தர் இசைவோடும் அவர் காலத்திற்குத் தக்க கூலியோடும், ஒவ்வொரு பாவையையும் விளக்கின்முன் நிறுத்தி அதன் அளவிலேயே வரைந்தெடுக்கலாம். ஒரு படி குடும்பத்தில் இருக்கட்டும். மற்றொன்று நம் நூலகத்தில் இருக்கட்டும். பாவையின் பெயரைத் தமிழில் ஒன்றும் அவர்தம் வீட்டு மராட்டியில் ஒன்றுமாகக் குறித்தல் வேண்டும். சொல்லாராய்ச்சி செய்வார்க்கு அது பெருவிருந்தாகும்.

தை பிறந்து வெயில் ஏறியதும் பெட்டியைத் திறந்து பாவைகளைப் பாயில் பரப்பி ஈரம் போக்குவர். நெளிந்ததைப் பலகையின்கீழ் அழுத்தி வைப்பர். அறுந்த முடிச்சை மீண்டும் முடிவர். போர்முழக்கத்திற்காகக் காலால் மிதித்தடிக்கும் மரப்பலகையின் ஆணியை இறுக்குவர். புதுப்பாவையை வெள்ளைத்துணியின் பின்னே பிடித்து, ஒருவர் முன்புறம் நின்று நோக்கி, மங்கிய இடத்தில் சாயமும் ஒளி குறைந்த இடத்தில் மேலும் ஒரு துளையும் வேண்டுமெனச் சொல்ல, அவ்வாறே திருத்திப் பெட்டியில் அடுக்குவர்.