கீரைப் பயிரும் அதன் நோய்களும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரை மணற்பாங்கானது. செட்டிபாளையம் முதலிய ஊர்கள் இக்கரையிலேயே அமைந்துள்ளன. இத்தகைய மண்ணிற் கிணற்றுநீர் கொண்டு எளிதில் வளர்க்கத்தக்கவை முளைக்கீரையும் பசளியுமாம். நெல்லின் இலை சிறிது பழுதுறினும் கதிர் எஞ்சும். கீரைக்கோ இலையே விளைபொருள். அன்றியும், முளைக்கீரை விதைத்த மூன்று நான்கு வாரங்களிற் கொய்யப்படுவதால், அதன்மீது தெளித்த நஞ்சு சிதையுமுன்னரே உண்கலத்தை அடைதல் கூடும். ஆதலின் இப்பயிருக்கு வருமுன் காத்தலே தலையாய மருத்துவமாகும்.

முளைக்கீரையின் நோய்களுள் முதலிற் கூறத்தக்கது வெண்துரு. இலையின் மேற்புறத்தில் மஞ்சட் புள்ளிகளும், அவற்றிற்கு நேரே கீழ்ப்புறத்தில் வெண்கொப்புளங்களும் தோன்றும். இதனை விளைக்கும் உயிர் பங்கசுபோலத் தோன்றினும் உண்மைப் பங்கசு அன்று. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கைப் பாழாக்கிய வெளிறல் நோயின் கிருமியும் இவ்வினத்ததே. கொப்புளம் வெடித்துச் சிதறும் வித்திகள் காற்றாலும் மழைத்துளியாலும் பரவும். ஈரமான இலையில் அவற்றினின்று நீந்தும் நுண்வித்திகள் வெளிப்பட்டு, இலைவாய் வழியே உட்புகும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இந்நோய் மிகுவதன் காரணம் இதுவே. கங்குனிலும் வெண்துரு உண்டு. எனினும் அதன் கிருமி வேறாதலின் ஒன்றன் நோய் மற்றொன்றைப் பற்றாது.

பசளியிற் செவ்விளிம்புடைய வட்டப் புள்ளிகள் தோன்றுவது பங்கசுகளால் ஆவது. நெருக்கமாய் முளைத்த இளநாற்றுக்கள் தரையோடு அழுகிச் சாய்வதற்குப் பிதியம் முதலிய மண்வாழ் கிருமிகள் காரணமாகும். மணல் நிலத்திற் சிறப்பாக அஞ்சத்தக்கது வேர்முடிச்சுப் புழு. அது கண்ணுக்குப் புலப்படாது; வேரிற் கழலைபோன்ற முடிச்சுக்களை உண்டாக்கும். போதிய நீரிருந்தும் நண்பகலிற் செடி வாடுமாயின், அதனைப் பிடுங்கி வேரைச் சோதித்தல் வேண்டும்.

இவற்றைத் தடுக்கும் வழிகள் எளியன. விதையை ஐதாகத் தூவுக. மாரியில் உயர்ந்த பாத்தியிற் பயிரிடுக. இலை நனையாது அடியில், காலையிலே நீரூற்றுக. நோயுற்ற இலைகளைக் கிள்ளி எரித்துவிடுக. வெண்துருக் கிருமிக்கு இடமளிக்கும் குப்பைக்கீரையையும் முள்ளிக்கீரையையும் வேலியோரத்திற் களைக. ஒரே பாத்தியில் இடைவிடாது கீரை விதைப்பதைத் தவிர்த்து, கோடையில் மண்ணைப் புரட்டி வெயிலிற் காயவிட்டுச் சாணப்பசளை இடுக.

வெண்துருவின் கொப்புளங்கள் இலையின் கீழ்ப்புறத்திலேயே தோன்றுகின்றன. மேலே நின்று நோக்குவோர்க்கு அவை எளிதிற் புலப்படா. நாள்தோறும் நாலு இலையைத் திருப்பிப் பார்த்தல் மாணவரும் செய்யக்கூடிய பணியே. மருந்துக்கடைக்குச் செல்லும் தேவையை அது பெரிதும் குறைக்கும்.