ஒரு லட்சம் ஓடிய வண்டி

அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில், "ஒரு லட்சம் ஓடியிருக்கு" என்று சொன்னால் பழைய கார் வாங்க வந்தவர் பாதி டீயிலேயே எழுந்துவிடுவார். அன்றைய மீட்டர்கள் பலவற்றில் இலக்கமே ஐந்துதான். 99,999 தாண்டினால் மறுபடியும் சைபர். இன்று அதே லட்சத்தைச் சொன்னால், "அவ்வளவுதானா? சர்வீஸ் ரெக்கார்டு இருக்கா?" என்கிறார்கள். டூரிஸ்ட் இன்னோவாக்கள் மூன்று, நான்கு லட்சம் கிலோமீட்டரை அலட்டாமல் கடக்கின்றன.

அன்று லட்சம் வருவதற்குள் பெரும்பாலும் ஒருமுறையாவது இன்ஜினை இறக்கியிருப்பார்கள். வண்டி ஆயில் குடிக்கும், நீலமாகப் புகை விடும், மேட்டில் இழுக்காது. ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டி, வால்வு தேய்த்துப் பார்ப்பார்கள். அடங்கவில்லை என்றால் பிளாக் லேத் பட்டறைக்குப் போகும். போர் போட்டு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் மாட்டி வரும். இதில் கார்புரேட்டருக்கும் பங்கு உண்டு. காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது அளவுக்கு மீறிப் பாயும் பெட்ரோல், சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலைக் கழுவிவிடும். இரும்போடு இரும்பு தேயும். மாருதி 800-க்கே 2000 வாக்கில் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதோடு நல்ல ஆயிலும் துல்லியமாகக் கடைந்த உலோகமும் சேர, ரீபோர் என்ற சொல்லையே கேட்காமல் வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது ஏராளம்.

கோளாறைத் தேடுகிற விதமும் மாறியிருக்கிறது. வண்டி மிஸ்ஸிங் அடித்தால் அன்றைய மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார். ஒயரை எடுத்ததும் சத்தம் தொய்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எடுத்தும் சத்தம் மாறவில்லையா, குற்றவாளி அதுதான். இதற்கு நடுவே கையில் ஷாக் அடித்தால் ஒரு கெட்ட வார்த்தை, அவ்வளவே. இன்று ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகினால் பி0303 என்ற எர்ரர் கோடு திரையில் வருகிறது: மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். ஆனால் ஏன் என்று அது சொல்வதில்லை. கெட்டிக்கார மெக்கானிக் மூன்றாவதன் இக்னிஷன் காயிலையும் முதலாவதன் காயிலையும் இடம் மாற்றி மாட்டி, அந்தக் கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார். இப்போது பி0301 வந்தால் கெட்டது காயில். கோடு மூன்றிலேயே நின்றால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். ஒயரைப் பிடுங்கிப் பார்த்த அதே புத்திதான். அதைக் கைவிட்டு, கோடு காட்டிய பக்கமெல்லாம் புதுச் சாமானாக மாற்றிக்கொண்டே போகிறவரிடம் பழைய வண்டியை விடாதீர்கள். பில் வண்டி விலையைத் தொட்டுவிடும்.

இன்ஜின் உழைக்க ஆரம்பித்ததும் நாம் சோம்பேறிகளாகிவிட்டோம் என்பது என் கட்சி. அன்றைய டாக்ஸி டிரைவர் காலையில் எழுந்ததும் பானட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுவார், டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்ப்பார். பார்க்காவிட்டால் வண்டி வழியில் நின்றுவிடும். இப்போதைய வண்டி கேட்பதில்லை, நாமும் திறப்பதில்லை. அதிக கிலோமீட்டர் ஓடிய காரை இப்படித்தான் சாகடிக்கிறோம். பத்து வருஷத்து ரப்பர் ஹோஸ் ஒன்று வெடிக்கும், கூலன்ட் ஒழுகும். சின்னக் கார்கள் பலவற்றில் சூடு காட்டும் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தால்தான் உண்டு. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அம்பாசிடரின் வார்ப்பிரும்பு ஹெட் இந்தக் கொடுமையை ஓரளவு தாங்கியது. டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளில் இன்னொரு ஆபத்து: அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அந்தப் பெல்ட்டுக்கு முன்னறிவிப்பாகச் சத்தமும் பெரும்பாலும் இருக்காது. கிலோமீட்டரை எண்ணி மாற்றுவது ஒன்றே வழி.

சாமான் கிடைப்பதில் அன்று கொஞ்சம் நிம்மதி இருந்தது. அம்பாசிடர் 2014 வரை ஏறக்குறைய ஒரே உருவத்தில் வந்ததால், சென்னை புதுப்பேட்டையில் கழற்றிப்போட்ட ஒரு வண்டியின் சாமான் பல வருஷத்து வண்டிகளுக்குப் பொருந்தியது. இப்போது ஒரே பெயருள்ள காருக்குச் சில வருஷ இடைவெளியில் விளக்கு வேறு, சென்சார் வேறு, கம்ப்யூட்டர் வேறு. வண்டியின் வருஷம் தெரியாமல் கடைக்காரரிடம் வாயைத் திறக்க முடியாது.

இயந்திரம் சம்மதித்தாலும் சர்க்காரும் சம்மதிக்க வேண்டும். 15 வயது முடிந்த சொந்தக் காரின் ஆர்.சி.யை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. சர்க்கார் முடிவால் பெட்ரோல் பங்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதற்கென்று செய்யாத பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே பதினைந்து வயதுப் பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் எஃப்.சி.க்குப் பெயின்ட் அடிக்கும் முன் டேங்கிலிருந்து இன்ஜின் வரை போகும் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்க்கட்டும். பிசுபிசுத்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ முதல் செலவு அங்கேதான்.