உஷார்! நடுங்கும் நாய்க்கு நீங்கள் வைக்கும் 'அமைதிச் சாப்பாடு'

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. தெருமுனையில் எவனோ ஒரு பையன் ஒற்றை வெடி போட்டான். எங்கள் வீட்டு மணி கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டியவன், ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. 14 கிலோ நாட்டு நாய். பகலில் பால்காரரையே கேட்டில் நிறுத்தி விசாரிக்கிறவன். டார்ச் அடித்துப் பார்த்தால் உடம்பெல்லாம் உதறல், வாயோரம் எச்சில், காது தலையோடு ஒட்டிக் கிடக்கிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டி வைத்தியம் சொன்னார்: "ஜாதிக்காயை நாலு இழைப்பு இழைச்சுப் பால்ல குடுப்பா. கைக்குழந்தைக்கே அதைத்தானே குடுத்தோம், அசந்து தூங்கிடும்." தம்பி ஆன்லைனில் வாங்கித் தான் சாப்பிட்டு வந்த ஒரு டப்பாவை எடுத்துவந்தான். மன அமைதிக்கான மாத்திரையாம். "மூலிகைதான் அண்ணே, ஒண்ணும் பண்ணாது." நானும் ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்துத் தயிர்சாதத்தில் தூவிவிட்டேன். கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும் முன், ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று டாக்டருக்குப் போன் போட்டேன். டப்பாவின் பின்பக்க எழுத்தைப் படிக்கச் சொன்னார். 'கிரிஃபோனியா விதைச் சாறு, 5-எச்டிபி 100 மில்லிகிராம்' என்று படித்தேன். "கிண்ணத்தை எடுத்துக் குப்பையில கொட்டுங்க சார், அப்புறம் பேசலாம்" என்றார்.

அந்த ஒரு போனுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் நான் செய்யப் பார்த்ததைத்தான் இப்போது நிறையப் பேர் செய்கிறார்கள்.

5-எச்டிபி என்பது உடம்புக்குள் போய் செரட்டோனின் ஆக மாறுகிற பொருள். மனதை நிதானமாக வைப்பதில் செரட்டோனினுக்குப் பங்கு உண்டு. அதை நம்பித்தான் மனிதர்கள் விழுங்குகிறார்கள். நாய்க்கு அளவு மீறினால் அதுவே விஷம். 1989 முதல் 1999 வரை அமெரிக்காவில் இதைத் தின்றுவிட்ட 21 நாய்களின் விவரங்களை விஷமுறிவு நிபுணர்கள் தொகுத்தார்கள். அவற்றில் 19 நாய்களுக்கு வாந்தி, நடுக்கம், காய்ச்சல், வலிப்பு, தற்காலிகப் பார்வை இழப்பு என்று ஏதாவது ஒன்று வந்தது. சில செத்தும் போயின. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 24 மில்லிகிராமிலேயே விஷக்குறி தெரிந்திருக்கிறது. 4 கிலோ பாமரேனியனுக்கு 100 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்று கொடுத்தால் கிலோவுக்கு 25 ஆகிறது. எல்லை தாண்டியாயிற்று! மணி 14 கிலோ என்பதால் அந்த ஒரு கேப்ஸ்யூலில் ஒருவேளை தப்பியிருப்பான். ஆனால் பயத்துக்கு ஏற்கெனவே ஃபுளுவாக்ஸெட்டின் போன்ற மாத்திரை சாப்பிடுகிற நாய்க்கு இதையும் சேர்த்துக் கொடுத்தால் செரட்டோனின் எகிறிவிடும். அங்கே எடைக் கணக்கு காப்பாற்றாது.

உண்மையான பொறி வேறு இடத்தில் இருக்கிறது. பயந்த நாய் எப்படி இருக்கும்? நடுங்கும், மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், நிலைகொள்ளாமல் அலையும். விஷம் ஏறிய நாய் எப்படி இருக்கும்? அதேபோல்தான். 'ஐயோ, இன்னும் பயம் தெளியலையே' என்று நாமே கையால் இன்னொரு உருண்டை ஊட்டுவோம்.

பாட்டியின் ஜாதிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் மிரிஸ்டிசின் நாய்க்கு ஆகாது. நாக்கில் பட்ட அளவுக்கு வயிற்றைக் கலக்குவதோடு போய்விடலாம். அளவு கூடினால் இதயம் படபடக்கும், இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவதுபோல் நாய் மிரளும், வலிப்புகூட வரலாம். உரைமருந்து கொடுத்துப் பழகிய கைக்கு இதை நம்புவது கஷ்டம். என் அம்மாவே நம்பவில்லை.

சாக்லேட்டும் அப்படித்தான். குழந்தைகள் 'பாவம், பயப்படுறான்' என்று தங்கள் பங்கிலிருந்து ஊட்டுவார்கள். அதிலுள்ள தியோபுரோமினை நாயின் உடம்பு மெதுவாகத்தான் வெளியேற்றும். பாதி குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 5 கிலோ நாய்க்குச் சுமார் 50 கிராம் பால் சாக்லேட்டே அமைதியைக் கெடுக்கப் போதும். கறுப்பு சாக்லேட் என்றால் அதில் பாதிகூட வேண்டாம். காலையில் டம்ளரில் மிச்சம் வைக்கும் டீ, காபியிலும் இதே இனத்துச் சரக்குதான் இருக்கிறது. தினமும் டீயும் பிஸ்கட்டும் தின்கிற நாய் 'எப்பப் பார்த்தாலும் துறுதுறுன்னு இருக்கு' என்று குறைப்படுகிறவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கிலி பிடிக்க வைப்பது சைலிட்டால். 'சர்க்கரை இல்லை' என்று விற்கும் சூயிங்கம், தூக்கத்துக்கான மெலடோனின் கம்மி மிட்டாய், சில வேர்க்கடலை வெண்ணெய் வகைகள் ஆகியவற்றில் இருக்கும் இனிப்பு அது. நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு இன்சுலினைப் பீறிடச் செய்து, அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரையைக் கிடுகிடுவென்று இறக்கிவிடும். கிலோவுக்கு 0.1 கிராமே போதும். அளவு இன்னும் ஏறினால் கல்லீரலே போய்விடும். 'மெலடோனின் நாய்க்கும் கொடுக்கலாமாம்' என்று கேள்விப்பட்டு, தன் கம்மி மிட்டாயைப் பிய்த்துப் போடுகிறவர் தூக்கத்தைக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

பண்டிகை நாளில் பூஜை முடிந்ததும் இலையில் வைக்கிற சர்க்கரைப் பொங்கலில் திராட்சை இருக்கும். உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது பழைய சேதி. அதற்கு டார்டாரிக் அமிலமே காரணம் என்ற கருத்து அண்மையில் வலுத்திருக்கிறது. அந்த அமிலம் புளியிலும் தாராளம். புளியைத் தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றி 2022-இல் ஒரு மருத்துவ அறிக்கையும் வந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு மணிக்குப் புளியோதரையும் கிடையாது, புளிக்குழம்புச் சோறும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் சாம்பார் சாதத்துக்கு முன்பே தடை.

சரி, சாப்பாட்டை மாற்றினால் நாயின் பயம் குறையவே குறையாதா?

இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆபத்தும் அந்தக் கொஞ்சத்தில்தான். செரட்டோனினுக்கு மூலப்பொருள் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக ஒரே வாசல். வேறு சில அமினோ அமிலங்களும் அதே வாசலில்தான் ஏற வேண்டும். காலை எட்டரை மணி டவுன் பஸ் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கறி தின்றால் டிரிப்டோஃபேனும் வரும், அதைப்போல் பல மடங்கு கூட்டமும் கூடவே வரும். சோறு தின்றால் இன்சுலின் சுரந்து அந்தக் கூட்டத்தைத் தசைப் பக்கம் ஓட்டிவிடும். டிரிப்டோஃபேனுக்குப் படியில் கால் வைக்க இடம் கிடைக்கும். இந்தக் கணக்கை வைத்து அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 33 நாய்களிடம் சோதித்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். புரதத்தைக் குறைத்து டிரிப்டோஃபேனைக் கூட்டிக் கொடுத்தபோது, தன் எல்லைக்காகச் சீறும் மூர்க்கம் தணிந்தது. கவனியுங்கள், அது மூர்க்கம். வெடிச்சத்தத்துக்கு நடுங்குகிற பயம் வேறு. 2009-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், லேசான பயம் உள்ள 138 வீட்டு நாய்களுக்கு 8 வாரம் டிரிப்டோஃபேன் சேர்த்த உணவும் சாதா உணவுமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் அளவு ஏறியது. நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை.

புரதத்தைக் குறைக்கிற இந்த யோசனை நம்மூருக்கு வரும்போது, 'கறி போட்டால் நாய்க்கு வெறி வரும்' என்ற பழைய நம்பிக்கையோடு கைகோத்துக்கொள்கிறது. உடனே கறி, முட்டை எல்லாம் கட். மூன்று வேளையும் தயிர்சாதம். வளர்கிற குட்டிக்கு இப்படிச் செய்தால் கால் வளையும். வெறும் சோறும் எலும்பில்லாக் கறியும் போட்டாலும் அதே கதிதான், சுண்ணாம்புச்சத்து போதாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடைக் கல்லூரி, நாய்க்கான வீட்டுச் சமையல் குறிப்புகள் 200-ஐ எடுத்துப் பார்த்து 2013-இல் சொன்னது: 95 சதவீதத்தில் அத்தியாவசியச் சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. அவற்றில் பலவும் புத்தகத்தில் அச்சானவை. நாம் கண்ணளவில் போடுகிற சோற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

உணவை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னால் மாற்றுங்கள். பழைய சாப்பாட்டில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மாற்றினால் பேதி. பேதி பிடித்த நாய் வெடிச்சத்தத்தில் வெளியே போகவும் பயந்து, வீட்டுக்குள்ளும் அடக்க முடியாமல் படும் அவஸ்தை பெரிய கொடுமை. 'அமைதி' என்று பெயர் போட்ட உணவுகள் வேலை செய்தாலும் வாரக்கணக்கில்தான் செய்யும். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் மூட்டை வாங்கிப் பிரயோசனமில்லை.

அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் சும்மா இருந்த நாய் திடீரென்று சத்தத்துக்குப் பயப்பட ஆரம்பித்தால், கிண்ணத்தை விட்டுவிட்டு மூட்டுகளைப் பாருங்கள். இடுப்புவலி, முதுகுவலி உள்ள நாய் சத்தத்தில் திடுக்கிட்டு உடம்பை இறுக்கும்போது வலி கூடுகிறது. சத்தம் என்றாலே வலி என்று அதன் மனதில் பதிந்துவிடுகிறது. 2018-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், வலியோடு இருந்த நாய்களுக்கு இந்தப் பயம் மற்றவற்றைவிடச் சில வருஷம் தாமதமாகத்தான் தொடங்கியிருந்தது. வலிக்கு மருந்து கொடுத்தால் பயமும் இறங்குகிறது. இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தடுப்பூசி போடாத நாய், தெருநாயிடம் கடிபட்ட நாய், இருட்டில் ஒளிகிறது, சாப்பிட மறுக்கிறது, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுகிறது, தாடை தொங்குகிறது என்றால் வாயருகே கையைக் கொண்டுபோய் எதையும் ஊட்டாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அதைத் தனியே அடைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நாய் எதையாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே தனி விஷமாகும். தின்ற பொருளின் அட்டை, தின்ற நேரம், நாயின் எடை, இந்த மூன்றோடு கிளம்புங்கள். சைலிட்டால் என்றால், நாய் நினைவோடு இருக்கும் பட்சத்தில் போகிற வழியில் ஈறில் கொஞ்சம் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவலாம். தீபாவளி அன்று எந்த டாக்டர் இருப்பார் என்று முந்தின வாரமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தேடினால் எல்லா ஷட்டரும் இறங்கியிருக்கும்.

தமிழ்நாட்டில் பட்டாசுக்கு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. யாரும் அதற்குள் நிறுத்துவதில்லை என்பது வேறு. இருந்தாலும் அதை வைத்து மணிக்குச் சாப்பாட்டு நேரத்தை மாற்றினோம். நாலரை மணிக்கு ஒரு நடை, ஐந்து மணிக்குப் பழகிய அதே சோறும் முட்டையும் வயிறு நிறைய, ஆறு மணிக்கு ஜன்னலடைத்த உள்ளறை, ஃபேன் முழு வேகத்தில். புதிதாக எதுவும் தட்டில் இல்லை.

டாக்டர் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அதைப் பண்டிகைக்குச் சில நாள் முன்பே, சத்தமில்லாத ஒரு மதியத்தில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்; சில நாய்க்கு ஒத்துக்கொள்ளாதாம், அதை வெடிச்சத்தத்துக்கு நடுவில் கண்டுபிடிக்கக் கூடாதாம். கொடுத்தோம். மணி லேசாகத் தள்ளாடி, வாசற்படியில் ஒரு தடவை கால் தடுக்கி, பாயில் போய்ப் படுத்துத் தூங்கினான். சாயங்காலம் பால்காரர் வந்தபோது எழுந்து இரண்டு குரைப்புக் குரைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.