கட்டிப்போட்ட நாய்க்கும் நிழல் வேண்டும்



நம் ஜமாஅத்தில் வீட்டுக்குள் நாய் வளர்ப்போர் குறைவு. ஆனால் தோட்டத்துக்கும் குடோனுக்கும் காவல் நாய் வைத்திருப்போர் பலர். சென்ற வாரம் லுஹர் தொழுதுவிட்டு வரும்போது பார்த்தேன்: காலையில் நிழலில் கட்டிய ஒரு குடோன் நாய், உச்சிவெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு நின்றது. நிழல் நகர்ந்துவிட்டது, சங்கிலி விடவில்லை.

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் சிறிது வியர்க்கும்; மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்குகிறது. ஆகவே நாள் முழுதும் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் கட்டுங்கள். தகரக் கொட்டகை நிழலல்ல, அடுப்பு. கவிழாத மண்தொட்டியில் தண்ணீர் வைத்து இருவேளையும் மாற்றுங்கள். எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டுமே என்று தயங்குவோர், அதற்கென்றே ஒரு தொட்டியை ஒதுக்கிவிடலாம். தாகித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொண்டுவந்தவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னது நமக்குத் தெரியும்.

நாய் கடுமையாக இரைத்து, எச்சில் வழிந்து, தள்ளாடினால் வெயில் தாக்கிவிட்டது என்று பொருள். அதன் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ்; 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மேல்தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும். முதலில் கையில் பிடித்துப் பாருங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

அந்தக் குடோன்காரரிடம் பேசினேன். மறுநாள் நாய் வேப்பமரத்தடியில் படுத்திருந்தது.