ஐப்பசியில் பென்சில், சித்திரையில் கொத்தனார்

ஐப்பசி மழையில் ஒழுகிய இடத்தைச் சித்திரை வெயிலில் தேடினால் கிடைக்காது. சென்னைப் பள்ளிக் கட்டடங்களில் ஓதம் ஆண்டுதோறும் திரும்பி வருவதற்கு இதுவே முதல் காரணம். வகுப்பறைச் சுவர் நனைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மராமத்து நடப்பது மே மாத விடுமுறையில். அதற்குள் சுவர் காய்ந்து, கறை வெளிறி, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதே மறந்துபோகிறது. ஜூன் திறப்புக்குள் முடிக்க வேண்டுமே என்று மொத்தச் சுவருக்கும் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் பெயின்ட் கொப்பளிக்கிறது.

இதற்கு முதல் மருந்து ஒரு பென்சில். மழை நாளில் கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி, செல்போனில் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். அடுத்த மழைக்குக் கறை கோட்டைத் தாண்டினால் மழைத் தண்ணீர்தான் வருகிறது. மழை ஓய்ந்து இரண்டு மாதம் ஆகியும் சுருங்கவில்லை என்றால் கழிப்பறைக் குழாயோ தண்ணீர்த் தொட்டியோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கறையின் உயரமே பாதி விடையைச் சொல்லிவிடும். தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை பட்டையாக ஏறி, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், ஈரம் அஸ்திவாரத்து மண்ணிலிருந்து வருகிறது. தி.நகர், மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் இதற்குச் சாலையும் ஒரு காரணம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுப் பல தெருக்கள் வாசற்படியைவிட உயர்ந்துவிட்டன. சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன்பே ஏறிய உயரம் எங்கே போகும்? தெருவுக்குக் கீழே போய்விட்ட பள்ளியின் சுவர் மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறது.

கறை கூரையை ஒட்டி மேல் மூலையில் இருந்தால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்திருக்கும். அல்லது கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் அரசங்கன்று வேர்விட்டிருக்கும். ஜன்னலைச் சுற்றி என்றால் சன்ஷேடு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பீரோவுக்குப் பின்னால் மட்டும் என்றால் காற்றோட்டம் இல்லை. பீரோவை ஒரு சாண் முன்னே இழுத்துப் போட்டாலே பெருமளவு குறையும்.

கருவி வேண்டாமா? ஈரமானி உதவும். ஆனால் கடற்கரை ஊரில் உப்பேறிய சுவரைக் காய்ந்த பிறகும் ஈரம் என்றே அது காட்டும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 2018-இல் பள்ளிகளுக்கென்றே வெளியிட்ட மதிப்பீட்டுப் படிவம் கண்ணையும் மூக்கையும் நம்புகிறது. அறை அறையாக நடந்து வாடை, கறை, பூஞ்சை, ஈரம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும், அவ்வளவுதான். திங்கள்கிழமை காலை பூட்டைத் திறக்கும் முதல் நிமிடமே அதற்கு நல்ல நேரம். சற்று நேரம் உள்ளே இருந்தால் மூக்குக்கு வாடை பழகிவிடும். காற்றில் பூஞ்சை வித்துகளை எண்ணும் சோதனைக்குப் பள்ளிகள் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இத்தனை வித்து வரை ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2009 வழிகாட்டுதலில் எண் எதையும் சொல்லவில்லை. ஈரத்தைத் தடுங்கள் என்றே சொன்னது. ஓதக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு மூச்சிரைப்பு, சுவாசத் தொற்று, ஆஸ்துமாவின் தீவிரம் ஆகியவை கூடுகின்றன என்றும் அது பதிவுசெய்தது.

ஒரு பிள்ளை ஆண்டில் ஏறத்தாழ 200 நாள், அநேகமாக அதே பெஞ்சில் உட்காருகிறது. மழைக்காலத்தில் அடிக்கடி 'வீசிங்' என்று விடுப்பு எடுக்கும் பிள்ளையின் இடம் எந்தச் சுவரோரம் என்பதை வகுப்பாசிரியர் தயவுசெய்து ஒருமுறை பார்க்க வேண்டும்.

நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. இங்கே அந்த நேரம்தான் கிடைப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிகள் நாள்கணக்கில் பூட்டிக் கிடந்தன. விடுமுறை பிள்ளைகளின் பாதுகாப்புக்காக, அது சரிதான். ஆனால் தண்ணீர் வடிந்த அன்றே ஒருவர் வந்து ஜன்னல்களைத் திறந்து, நனைந்த சார்ட்டுகளையும் அட்டைப் பெட்டிகளையும் வெளியேற்ற ஏற்பாடு வேண்டும். மின்விசிறியை, ஒயரிங்கை எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகே போட வேண்டும்.

கணினி அறைகளில் கதை வேறு. சென்னையின் மழைக்காலக் காற்று 23, 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீர் விடும். ஏசியை 18-இல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து திறந்து மூடினால் சுவர் வியர்க்கும். சந்தேகம் இருந்தால் ஒரு முழப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடலாம். உள்பக்கம் துளிர்த்தால் ஈரம் சுவருடையது. வெளிப்பக்கம் துளிர்த்தால் அறைக் காற்றுடையது.

சிகிச்சையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பழைய கட்டடங்களைப் பற்றி. மரச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களை நிறுத்தி அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்தது மெட்ராஸ் டெரஸ். அதைத் தாங்கும் சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கி, வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறுகிறது. நல்லெண்ணத்தோடு செய்யும் இந்த வேலைதான் அந்தச் சுவர்களை அதிகம் கெடுக்கிறது. உப்பேறிய பூச்சை முழுதாகக் கொத்தி எடுத்து, சுண்ணாம்புச் சாந்தே பூசி, வெள்ளையடிக்க வேண்டும். சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது. வெளியே சுவரோர மண்ணை உள்தரைக்குக் கீழே இறக்க வேண்டும்.

பூஞ்சையைத் துடைப்பது அதன் பிறகு. பிள்ளைகள் இல்லாத நாளில், என்-95 முகக்கவசத்தோடு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்து அறை முழுக்கப் பறக்கும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால் மருந்து தெளித்துவிட்டு அப்படியே விடக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும். இந்த வேலையை ஆயாம்மாவிடம் வெறுங்கையோடு ஒப்படைக்கிறோம். அவருக்கும் நுரையீரல் உண்டு.

கான்கிரீட் கூரையில் கறை தெரிந்தால் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே துருப்பிடித்த கம்பி உப்பிக் காரையைத் தள்ளியிருந்தால் வெற்றுச் சத்தம் கேட்கும். கேட்டால் அன்றே அறையைக் காலி செய்து பொறியாளரை அழைக்க வேண்டும். 2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலி சாஃப்டர் பள்ளியில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்தோம்.

பென்சில் கோடுகளின் படங்களும் தேதிகளும் ஜனவரியில் நடக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய்விட்டால், ஏப்ரலுக்குள் மதிப்பீடு தயாராகும். மே முதல் வாரத்தில் வரும் கொத்தனாருக்கு எந்தச் சுவரை, எந்தப் பக்கமிருந்து கொத்த வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.