பருவமழையும் இயல்நிலைப் பரவலும்

நாட்டின் வேளாண்மை பெரிதும் தென்மேற்குப் பருவமழையைச் சார்ந்துள்ளது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் பெய்யும் மழையின் நீண்டகாலச் சராசரி, 1971-2020 ஆண்டுகளின் கணக்குப்படி, சுமார் 87 செ.மீ. ஆகும். அதன் திட்ட விலக்கம் சராசரியில் ஏறத்தாழ 10 விழுக்காடு. மழையளவுகள் ஆண்டுதோறும் மாறினும், அம்மாற்றம் இயல்நிலைப் பரவலை ஒட்டியே அமைகிறது. எனவே, மழை பொய்ப்பதற்கான நிகழ்தகவைக் கணக்கிட இயலும்.

சராசரியில் 90 விழுக்காட்டிற்கும் குறைவாக மழை பெய்த ஆண்டு பற்றாக்குறை ஆண்டு எனப்படும். 90-லிருந்து சராசரியான 100-ஐக் கழித்து, திட்ட விலக்கமான 10-ஆல் வகுத்தால் -1 கிடைக்கும். இயல்நிலைப் பரவல் அட்டவணையில் இம்மதிப்பிற்கு இடப்புறமுள்ள பரப்பு 0.1587. அதாவது, நூறு ஆண்டுகளில் சுமார் 16 பற்றாக்குறை ஆண்டுகளை எதிர்பார்க்கலாம்.

2002-ல் மழை 19 விழுக்காடு குறைந்தது. அந்த அளவோ அதற்கு மேலோ குறைவதற்கான நிகழ்தகவு 0.0287, சராசரியாக 35 ஆண்டுகளுக்கு ஒரு முறை. எனினும், ஏழே ஆண்டுகளில், 2009-ல், மழை 22 விழுக்காடு குறைந்தது. சராசரி இடைவெளி என்பது கால அட்டவணை அன்று. ஆகவே, ஒரு வறட்சி கழிந்தவுடன் தானியக் கையிருப்பையும் நிவாரண ஏற்பாடுகளையும் தளர்த்துவதற்குப் புள்ளியியல் இடமளிக்கவில்லை.