மேசைப் போர் விளையாட்டும் தாங்கியினுள் மறைந்த மாந்தரும்

சதுரங்கப் பலகையில் யானை என நிற்பது ஒரு காய். போர்க்களத்து யானையின் பிடரியிற் பாகன் இருந்தான். முதுகில் வில்லும் வேலும் ஏந்திய வீரர் இருந்தனர். பாகன் வீழ்ந்தால் யானை திசைகெட்டுத் தன் படையையே மிதித்தலும் உண்டு. பலகைமேல் நிற்கும் யானைக்கோ பாகனும் இல்லை, வீரரும் இல்லை, அச்சமும் இல்லை. போரைப் பலகைக்குக் கொணரும் எவ்விளையாட்டும் இவ்வாறே சிலவற்றைக் கொண்டு பலவற்றை விடுகின்றது. எதனை விட்டது என்பதைக்கொண்டே அதன் உண்மையை அளத்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டுப் போர்க்களத்தின் யானை எனத்தக்க கவசத் தாங்கியை மேசைமேல் வைத்து ஆடும் விளையாட்டில் இது நன்கு புலப்படும்.

மேசைப் போர் விளையாட்டின் வேர் சதுரங்கத்திலேயே உள்ளது. ஜேர்மன் நாட்டுப் பிரவுன்ஸ்விக் நகரில் வாழ்ந்த ஹெல்விக் என்பார் 1780 ஆம் ஆண்டிற் சதுரங்கத்தை விரித்து, நிலத்தின் வேறுபாடுகளையும் பீரங்கிகளையும் அதனுட் புகுத்தினார். பிரஷ்யப் படை அதிகாரியாகிய இளைய றைஸ்விற்ஸ் 1824 இல் வெளியிட்ட விளையாட்டோ கட்டங்களை நீக்கி, 1:8000 அளவில் வரைந்த நிலப்படத்தைக் களமாக்கியது. ஒரு முறை ஆட்டம் இரண்டு நிமிடப் போருக்கு ஒப்பாகும். சுடுதலின் பயனைப் பகடை காட்டும். நடுவர் ஒருவர் இருதிறத்தாரின் நிலையையும் அறிவார். ஆயினும், களத்தில் நிற்கும் தலைவன் அறியக்கூடியதை மட்டுமே ஆடுவோர்க்குக் கூறுவார்.

இவ்விளையாட்டை இல்லங்களுக்குக் கொண்டுவந்தவருள் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் முதன்மையானவர். 1913 இல் அவர் வெளியிட்ட ‘லிற்றில் வோர்ஸ்’ என்னும் நூலில், வில்விசையாற் குண்டெறியும் பொம்மைப் பீரங்கியும் ஈய வீரர்களும் கருவிகளாகின்றன. அந்நூலின் விதியொன்று ஈண்டுக் கருதத்தக்கது. ஒரு பீரங்கியைச் சுற்றி ஆறு அங்குலத்துக்குள் அதன் பக்கத்து வீரர் நால்வரேனும் நின்றாலன்றி அப்பீரங்கி இயங்காது. கருவி தானே சுடுவதில்லை, மனிதரே சுடுகின்றனர் என்பதை அச்சிறு விதி உணர்த்துகின்றது. நிலத்தில் ஊரும் இரும்புக் கப்பல்களை 1903 இலேயே தம் சிறுகதையொன்றிற் கற்பனை செய்தவரும் இவ்வெல்ஸே ஆவார்.

அக்கற்பனை 1916 செப்தெம்பர் 15 ஆம் நாள் பிரான்சின் சொம் போர்க்களத்தில் மெய்யாயிற்று. அன்று இறங்கிய முதல்வகைப் பிரித்தானியத் தாங்கியினுள் எண்மர் இருந்தனர். அவருள் நால்வர் வண்டியைச் செலுத்துவதற்கே வேண்டப்பட்டனர். சாரதி ஒருவர், தடைகளை இயக்கிய தலைவர் ஒருவர், இருபக்கத்துப் பற்சக்கரங்களை மாற்றுவோர் இருவர். எஞ்சிய நால்வரே ஆயுதங்களைக் கையாண்டனர். இயந்திரத்தின் பேரொலியிற் பேச்சுக் கேளாமையால், சைகையே அவர்தம் மொழியாயிற்று.

இத்தகைய ஊர்தி மேசைக்கு வரும்போது சிறு உருவமாக ஒடுங்குகின்றது. 1:72, 1:100, 1:285 முதலிய அளவுகளில் உருவங்கள் வார்க்கப்படுகின்றன. ஆடுவோர் நாடாவால் தூரத்தை அளந்து தாங்கிகளை நகர்த்துவர். குண்டு பட்டதா என்பது முதல் வினா. தூரமும் ஓட்டமும் மறைவும் நோக்கிப் பகடை விடை கூறும். பட்ட குண்டு துளைத்ததா என்பது இரண்டாவது வினா. பீரங்கியின் வலிமையும், முன், பக்கம், பின் என வேறுபடும் கவசத்தின் தடிப்பும் ஒப்பிடப்படும். மைக் றீஸ், லியோன் ரக்கர், கரி கைகாக்ஸ் ஆகியோர் ஆக்கி 1971 இல் வெளிவந்த ‘ரக்ரிக்ஸ்’ என்னும் விதிநூல் இவற்றுக்கு இருபது முகப் பகடையைக் கையாண்டது. கவசத்தின் சாய்வும் கணக்கில் வரும். சோவியத் நாட்டு ரி-34 தாங்கியின் முன்தகடு 45 மில்லிமீற்றர் தடிப்புடையது. செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தது. எனவே நேரே வரும் குண்டு கடக்கவேண்டிய இரும்பு 90 மில்லிமீற்றர் ஆகின்றது.

இவ்வெண்கள் யாவும் மெய்யானவையே. ஆயினும், இவற்றை மட்டும் நம்பி ஆடுவோர் 1940 ஆம் ஆண்டின் போரை விளங்கிக்கொள்ளல் அரிது. பிரெஞ்சுச் சொமுவா தாங்கியின் பீரங்கி 47 மில்லிமீற்றர். ஜேர்மனியின் மூன்றாம் வகைத் தாங்கிக்கு அக்காலத்தில் 37 மில்லிமீற்றர். முன்னதன் கவசம் ஏறக்குறைய 47 மில்லிமீற்றர். பின்னதன் கவசம் 30 மில்லிமீற்றர். பட்டியலைப் பார்ப்பவன் பிரெஞ்சுத் தாங்கியே வெல்லும் என ஐயமின்றிக் கூறுவான்.

பட்டியல் காட்டாதது சுழற்கோபுரத்தின் உட்புறமாகும். ஜேர்மன் தாங்கியின் ஐவருள் மூவர் கோபுரத்தில் இருந்தனர். ஒருவர் குறிபார்த்தார், ஒருவர் குண்டு நிரப்பினார், தலைவரோ களத்தை நோக்கி ஆணையிடுவதையே தொழிலாகக் கொண்டார். சாரதியும் வானொலியாளரும் கீழே இருந்தனர். சொமுவாவின் மூவருள் தலைவர் ஒருவரே கோபுரத்தில் அமர்ந்தார். பகைவரைத் தேடுதல், குறிபார்த்தல், சுடுதல், சாரதிக்கு வழிகூறுதல் ஆகிய யாவும் அவர் தலைமேல் விழுந்தன. குறிபார்க்கும் கண் களத்தைக் காணாது. களத்தைக் காணுங்கால் பீரங்கி வாளாவிருக்கும். பல பிரெஞ்சுத் தாங்கிகளில் வானொலியும் இல்லை.

1940 மே 12 முதல் 14 வரை பெல்ஜியத்தின் ஹன்னுற் பகுதியில் இவ்விரு தாங்கிகளும் எதிர்ப்பட்டன. பிரெஞ்சு வீரர் அஞ்சாது நின்று பகைவர்க்குப் பெருஞ்சேதம் விளைத்தனர். அவர்தம் கவசமும் பீரங்கியும் பொய்க்கவில்லை. எனினும், ஜேர்மன் தாங்கிகள் ஒன்றோடொன்று பேசி ஓரிடத்தே திரண்டு தாக்கின. பிரெஞ்சுத் தாங்கிகள் தனித்தனியே பொருதன. பிரான்சின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. கோபுரத்தில் ஒருவர் மட்டும் இருந்தமை அவற்றுள் ஒன்று; பட்டியலுக்குள் அடங்காத ஒன்று.

இதற்கு ரி-34 மற்றொரு சான்றாகும். 1941 இல் அதன் கவசமும் 76.2 மில்லிமீற்றர் பீரங்கியும் ஜேர்மானியரைத் திகைக்கச் செய்தன. ஆயினும், அதன் கோபுரத்தில் இருவரே இருந்தமையால், தலைவரே பீரங்கியையும் இயக்கவேண்டியிருந்தது. 1944 இற் களம்புகுந்த ரி-34-85, 85 மில்லிமீற்றர் பீரங்கியோடு கோபுரத்தில் மூன்றாமவருக்கும் இடமளித்தது. பிரித்தானியரும் ஷேர்மன் தாங்கியில் நீண்ட 17 இறாத்தற் பீரங்கியைப் பொருத்தியபோது, குண்டுகளை வைப்பதற்காக முன்னிருந்த இயந்திரத் துப்பாக்கியாளரை நீக்கினரேயன்றிக் கோபுரத்து மூவரைக் குறைக்கவில்லை.

எனவே, நல்ல விதிகள் தாங்கியினுள் இருக்கும் மாந்தரையும் மேசைக்குக் கொணர முயல்கின்றன. ‘பிளேம்ஸ் ஒவ் வோர்’, ‘போல்ற் அக்சன்’ ஆகிய இக்கால விளையாட்டுக்கள் ஒற்றையாள் கோபுரத்துக்கெனத் தனி இடர்விதி வகுத்துள்ளன. முன்னதில், குண்டு பட்ட தாங்கியின் குழுவினர் வெளியே குதித்து, பின்னர் மீண்டும் ஏறுதலும் உண்டு. வேறு சிலவற்றில், தலைவர் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் நன்கு காண்பார். துப்பாக்கிக் குண்டுக்கும் இலக்காவார். மூடியை அடைத்தால் உயிர் காக்கும், கண் மறையும். எதனைத் தேர்வது என ஆடுவோர் தயங்கும் அக்கணத்திலேயே காய் மனிதனாகின்றது.

எனினும், ஒரு குறை எவ்விதியாலும் முற்றாகத் தீர்வதில்லை. ஆடுவோர் மேசையை மேலிருந்து பார்க்கின்றனர். குன்றின் பின்னிற்கும் பகையும் அவர்க்குத் தெரியும். தாங்கியினுள் இருந்தவனோ குறுகிய பிளவின் வழியே புகையையும் புழுதியையும் கண்டான். 1824 இல் றைஸ்விற்ஸ் அமைத்த நடுவர் முறை இக்குறையைப் பெரிதும் நீக்குவதாதலின், இன்றும் கைக்கொள்ளத் தக்கது.

வரலாறு கற்கும் மாணவர்க்கு இவ்விளையாட்டு தரும் படிப்பினை ஒன்றுண்டு. இரும்பின் தடிப்பையும் பீரங்கியின் விட்டத்தையும் மனனம் செய்தல் எளிது. கருவிக்குள் இருந்தோர் எத்தனை பேர், யார் எவ்வேலையைச் செய்தனர், யாருக்கு எது தெரிந்தது என வினவுதல் அரிது. அவ்வினாக்களை எழுப்பாத விளையாட்டு எண்களின் கூட்டலாய் முடியும். எழுப்பும் விளையாட்டோ, மேசையினின்று எடுத்து வைக்கப்படும் சிறு உருவம் ஒவ்வொன்றினுள்ளும் நால்வரோ ஐவரோ இருந்தனர் என்பதை மறவாமற் காக்கும்.